லாரி வாடகைக்கு எடுக்குமுன்: கதவு, கிரான், பெர்மிட் பார்க்கும் முறை

மலேசியாவின் ஹிலிர் பேராக் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) மில்லின் எடைமேடை முன்னால் காலை பத்து மணிக்கு நின்றால் பழ லாரிகள் வரிசை பிடித்து நிற்பதைப் பார்க்கலாம். கதவில் ஒரு கம்பெனியின் பெயர் எழுதியிருக்கும். ஓட்டுநரைக் கேட்டால் வேறொரு தவுக்கேயின் (முதலாளியின்) பெயரைச் சொல்வார். வாடகைப் பணம் போகும் வங்கிக் கணக்கோ மூன்றாவது ஆளுடையது. பழம் ஒழுங்காக மில்லுக்குப் போய்ச் சேரும்வரை இது யாருக்கும் உறுத்துவதில்லை. லாரி யாரையாவது மோதிவிட்டால், "அது என் வண்டி இல்லை" என்று மூன்று பேரும் கையை விரித்துவிடுவார்கள்.

2025 மே 13 காலை, தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் பாதுகாப்புப் பணியை முடித்துக்கொண்டு ஈப்போ திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் 9 பேர், ஜாலான் சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றி வந்த லாரியோடு நேர்ந்த மோதலில் இறந்தார்கள். நம் தேர் ஊர்வலத்துக்குக் காவல் நின்றவர்கள் அவர்கள். அந்த ஆண்டில் கனரக வாகனங்கள் மீது அரசு பிடியை இறுக்கியது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபர் 1 தொடங்கிக் கட்டம் கட்டமாகக் கட்டாயமானது. ஆனாலும் ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அதிகாரி நிற்க முடியாது. லாரியைக் கூப்பிடுகிறவர்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர், வீடு கட்ட மணலும் கல்லும் இறக்குபவர், தோட்டத்து லய வீட்டை விட்டு டவுன் வீட்டுக்குச் சாமான் ஏற்றுபவர், திருவிழாவுக்கு ஜெனரேட்டரும் பந்தல் சாமானும் கொண்டுவரச் சொல்லும் கோயில் நிர்வாகம், ஒப்பந்தக்காரரை வைத்து வேலை வாங்கும் தோட்ட அலுவலகம் ஆகிய எல்லாருக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். பார்க்க வேண்டிய காகிதங்கள் பல. ஆனால் தேட வேண்டியது ஒன்றுதான்: கதவில் உள்ள பெயர், காகிதத்தில் உள்ள பெயர், காசு வாங்கும் பெயர் மூன்றும் ஒன்றா?

முதலில் கேட்டு வாங்க வேண்டியவை

லாரி வருவதற்கு மூன்று நாள் முன்னதாகவே கேளுங்கள். லாரி வாசலில் வந்து நின்ற பிறகு யாருக்கும் திருப்பி அனுப்ப மனம் வராது. பழம் வெட்டிப் போட்டிருக்கும், அழுகத் தொடங்கும் என்ற பயம் வேறு. வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்: "அண்ணே, புதன்கிழமை வர்ற லாரியோட நம்பர், கம்பெனி எஸ்எஸ்எம் நம்பர், பெர்மிட் நகல், இன்சூரன்ஸ் நகல், கடைசி புஸ்பாகோம் ரிப்போர்ட், ஓட்டுநர் பேரு, அவரோட ஜிடிஎல் காலாவதி தேதி, இதெல்லாம் அனுப்பி வைங்க. வாடகையை எந்தக் கணக்குல போடணும்னும் சொல்லிடுங்க." இதில் எஸ்எஸ்எம் நம்பர் என்பது கம்பெனிப் பதிவு எண், புஸ்பாகோம் ரிப்போர்ட் என்பது வாகனச் சோதனை அறிக்கை, ஜிடிஎல் என்பது சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம்.

ஒழுங்காக நடத்துகிறவர் இவற்றைத் தயாராகக் கோப்பில் வைத்திருப்பார். அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார். "எந்த லாரி வரும்னு அன்னைக்குக் காலையிலதான் தெரியும்" என்று பதில் வந்தால், அவர் லாரிக்காரர் அல்ல, தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகரிடம் எடுப்பதில் தவறில்லை. அப்போது நீங்கள் சோதிக்க வேண்டியது தரகரின் கம்பெனியை அல்ல, அவர் அனுப்பும் லாரியின் உரிமையாளரை.

எஸ்எஸ்எம் எண்ணைப் படிக்கும் விதம்

மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம், 2019 அக்டோபர் 11 முதல் 12 இலக்க எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. அடுத்த இரண்டு, எந்த வகை நிறுவனம் என்பது: 01 என்றால் உள்நாட்டுக் கம்பெனி, அது பெரும்பாலும் செண்டிரியான் பெர்ஹாட் எனும் தனியார் கம்பெனியாக இருக்கும்; 03 என்றால் தனியாள் அல்லது பங்காளி வியாபாரம். ஆக 201401 என்று தொடங்கும் எண், 2014-ல் பதிவான உள்நாட்டுக் கம்பெனி. "முப்பது வருஷமா லாரி ஓட்டுறோம்" என்று சொல்லும் கம்பெனியின் எண் 2024-ல் தொடங்கினால், பழைய கம்பெனி என்ன ஆனது என்று கேளுங்கள். அப்பா பெயரில் இருந்த வியாபாரத்தை மகன் செண்டிரியானாக மாற்றியிருக்கலாம், அது இயல்பு. சம்மனும் கடனும் சேர்ந்த கம்பெனியை மூடிவிட்டுப் புதுப் பெயரில் அதே லாரிகளை ஓட்டுவதும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அடுத்த படி.

எஸ்எஸ்எம்மின் இணையத் தேடலில் பெயரையும் எண்ணையும் இலவசமாகப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு சிறு தொகை கட்டினால் கம்பெனி புரொஃபைல் கிடைக்கும். அதில் நிறுவனம் நடப்பில் இருக்கிறதா, கலைக்கப்பட்டதா, இயக்குநர்கள் யார், பதிவு முகவரி எது, வியாபாரத்தின் தன்மை என்ன என்பதெல்லாம் இருக்கும். வியாபாரத்தின் தன்மையில் போக்குவரத்து என்றே இல்லாமல் காய்கறி மொத்த வியாபாரம் என்று மட்டும் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். 03 வகை வியாபாரத்தில் காலாவதித் தேதியைத் தவறாமல் பாருங்கள். அந்தப் பதிவை ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரைதான் ஒரே தடவையில் புதுப்பிக்க முடியும். சின்ன ஊர் லாரிக்காரர்கள் பலர் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும், காலாவதியான பெயரில் போட்ட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பின்னால் பணம் கேட்டு அலைய முடியாது.

எஸ்எஸ்எம் பதிவு இருப்பதாலேயே லாரி ஓட்ட உரிமை வந்துவிடாது. பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

ஏ பெர்மிட்டா, சி பெர்மிட்டா

தீபகற்ப மலேசியாவில் சரக்கு வாகனத்துக்கு உரிமம் கொடுப்பது அப்பாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம். 2019 ஜனவரி 1 அன்று, அதற்கு முன்பிருந்த ஆணையமான ஸ்பாட்டின் வேலையை அது ஏற்றுக்கொண்டது. பழைய காகிதங்களில் ஸ்பாட் முத்திரை இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், தேதியை மட்டும் பாருங்கள். சட்டம் 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம், எண் 715. சபா, சரவாக்கில் இந்த வேலையைச் செய்வது வாணிப வாகன உரிம வாரியம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஏ உரிமம், அதாவது லெசென் பெம்பாவா ஏ, மற்றவர்களின் சரக்கைக் கூலிக்கு ஏற்றுபவருக்கு. சி உரிமம் தன் சொந்தச் சரக்கைத் தன் லாரியில் ஏற்றுபவருக்கு. இரும்புக் கடைக்காரர் தன் கடைச் சிமெண்டைத் தன் லாரியில் கொண்டுவந்து உங்கள் வீட்டில் இறக்கினால் சி போதும். அதே லாரி திரும்பும் வழியில் உங்கள் பழத்தை டன்னுக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஏற்றினால் அது ஏ வேலை. நம் ஊர்களில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். ஞாயிற்றுக்கிழமை லாரி சும்மா நிற்கிறதே என்று ஒருவருக்கு ஒருவர் உதவுவதாக நினைத்துச் செய்கிறார்கள். வாடகை என்று காசு கைமாறினாலே உரிமத்தின் நிபந்தனை மீறப்பட்டதாகிவிடும். இன்சூரன்ஸும் அதே ஏ, சி வேறுபாட்டைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. சி என்று எழுதிய பாலிசியை வைத்து வாடகைச் சரக்கு ஏற்றியது தெரிந்தால், கம்பெனி முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான்.

நம்பர் பிளேட்டை வைத்து ஏ, சி கண்டுபிடிக்க முடியாது. சொந்தக் காருக்கும் லாரிக்கும் இங்கே பிளேட் ஒரே கறுப்பு வெள்ளைதான். கதவைப் பார்க்க வேண்டும். உரிமம் பெற்றவரின் பெயர், லெசென் பெம்பாவா ஏ அல்லது சி, எடை விவரம் எல்லாம் அங்கே எழுதியிருக்கும். பெயிண்டால் எழுதியிருக்கிறதா, ஸ்டிக்கரா, காந்தத் தகடா என்று விரலால் தடவிப் பாருங்கள். கழற்றி மாட்டும் தகடாக இருந்தால், காலையில் ஒரு கம்பெனி, மாலையில் இன்னொரு கம்பெனி என்று அந்த லாரி ஓடுவதாக இருக்கலாம்.

பிறகு பெர்மிட் நகல். அதில் மூன்று விஷயம்: உரிமம் யார் பெயரில், எந்தத் தேதி வரை, உங்களிடம் வரப்போகும் லாரியின் நம்பர் அதில் இருக்கிறதா. கம்பெனிக்கு உரிமம் உண்டு, ஆனால் இந்த லாரி அதில் சேர்க்கப்படவில்லை என்ற நிலை சாதாரணம். ஒருவர் பெயரில் உள்ள பெர்மிட்டை மாதம் இவ்வளவு என்று இன்னொருவருக்கு விடுவதும் ஊரறிந்த சங்கதி. அதில் ஆபத்து எங்கே என்றால், பெர்மிட்காரருக்கு லாரி எந்தப் பட்டறையில் நிற்கிறது, பிரேக் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது, ஓட்டுநர் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று எதுவும் தெரியாது. லாரியைக் கையில் வைத்திருப்பவருக்கோ பெர்மிட் பறிபோகும் என்ற பயம் இல்லை. நகலில் சந்தேகம் வந்தால் உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு அப்பாட் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கிரான், ரோட் டெக்ஸ், இன்சூரன்ஸ்

வாகனப் பதிவுச் சான்றான கிரானில் உரிமையாளர் பெயர், எஞ்சின் எண், சேசிஸ் எண் இருக்கும். வங்கியின் கடன் பிடிமானம் இருந்தால் அதுவும் தெரியும். கடன் இருப்பது குற்றமில்லை. சேசிஸ் எண் லாரியின் இரும்பு அடிச்சட்டத்தில் அடித்திருக்கும். மண்ணையும் கிரீஸையும் ஒரு துணியால் துடைத்துவிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்து ஒப்பிடுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தாலோ பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரோட் டெக்ஸை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்காதீர்கள். பழைய படத்தில் தேதியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. உரிமையாளர் தன் கைப்பேசியில் ஜேபிஜேயின் மைஜேபிஜே செயலியை உங்கள் எதிரில் திறந்து காட்டட்டும், அல்லது வீடியோ அழைப்பில் காட்டட்டும். ரோட் டெக்ஸ் காலாவதியாகியிருந்தால் "மறந்துட்டேன்" என்பதை உடனே நம்பவும் வேண்டாம். சரக்கு லாரிக்குச் சோதனையில் தேறாமல் ரோட் டெக்ஸ் புதுப்பிக்க முடியாது. சம்மன் தேங்கிக் கறுப்புப் பட்டியலில் ஏறிய வண்டிக்கும் முடியாது. ஆகவே காலாவதியான ரோட் டெக்ஸுக்குப் பின்னால் அநேகமாக வேறொரு காரணம் இருக்கும். அதைக் கேளுங்கள்.

இன்சூரன்ஸில் மூன்று இடத்தைப் படிக்க வேண்டும். முதலாவது, பயன்பாட்டு வரம்பு. ஏ வகைக் கூலி வேலைக்கா, சி வகைச் சொந்தச் சரக்குக்கா என்று அங்கே தெரியும். இரண்டாவது, சாதாரண மோட்டார் பாலிசி உங்கள் சரக்கை ஈடு செய்யாது. லாரி கவிழ்ந்து உங்கள் பிரிட்ஜும் அலமாரியும் நொறுங்கினால், வழிச் சரக்குக் காப்புறுதி தனியாக இருந்தால்தான் பணம் வரும். இருக்கிறதா, எத்தனை ரிங்கிட் வரை என்று எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது இடத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை. அது என்சிடி, அதாவது இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி. சரக்கு வாகனத்துக்கு ஓராண்டு இழப்பீடு இல்லாமல் ஓடினால் 15 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 25. அதற்கு மேல் ஏறாது. கம்பெனியின் விபத்து வரலாற்றைத் தேடி அலையும் நமக்கு இந்தச் சிறு எண் பெரிய துப்பு. ஒரே உரிமையாளர் பல வருடமாக வைத்திருக்கும் லாரியில் 25 இருந்தால் மூன்று வருடமாகப் பெரிய இழப்பீடு எதுவும் போகவில்லை என்று பொருள். சுழியம் இருந்தால், ஒன்று வண்டி புதிதாகக் கைமாறியது, அல்லது சென்ற வருடம் இழப்பீடு கேட்டிருக்கிறார்கள். கம்பெனியில் ஐந்து லாரி, ஐந்திலும் சுழியம் என்றால், என்ன நடந்தது என்று நேரடியாகவே கேட்கலாம்.

சோதனை அறிக்கையும் அதை ஏமாற்றும் விதமும்

வாணிப வாகனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். நீண்ட காலம் புஸ்பாகோம் மட்டுமே செய்த வேலை; எந்த நிலையத்தில் சோதித்தாலும் அனுமதி பெற்ற நிலையமா என்று பாருங்கள். அங்கே வண்டியின் அடையாளம், மேல்பாகம், அடிப்பாகம், புகை, சக்கரம் பக்கவாட்டில் இழுப்பது, சஸ்பென்ஷன், பிரேக், வேகமானி எல்லாம் சோதிக்கப்படும். கடைசி ஒரு அறிக்கையை மட்டும் கேட்காமல் கடைசி இரண்டைக் கேளுங்கள். இரண்டு தேதிகளுக்கும் இடைவெளி ஆறு மாதமா, எட்டு மாதமா? எட்டு என்றால் நடுவில் இரண்டு மாதம் அந்த லாரி எப்படி ஓடியது? முதல் தடவை தோற்று மறுசோதனையில் தேறியிருந்தால் எதில் தோற்றது? விளக்கு எரியாமல் தோற்பது அற்ப விஷயம். இரண்டு அறிக்கையிலும் பிரேக் என்றே இருந்தால், பட்டறையில் ஒப்பேற்றி ஓட்டுகிறார்கள்.

அறிக்கை அன்றைய நிலையைத்தான் சொல்லும். நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு சோதனைக்குப் போய், திரும்பி வந்ததும் கழற்றிவிடுவார்கள். பக்கத் தடுப்புப் பலகையை இறக்கிவிட்டுப் போய், மறுநாளே மறுபடி உயர்த்திக் கட்டுவார்கள். இந்த இரண்டையும் கண்டுபிடிக்கக் காகிதம் உதவாது. டயரைக் கண்ணால் பார்க்க வேண்டும். பலகையை எடைச்சீட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

எடைச்சீட்டு: யாரும் பார்க்காத பாதுகாப்புப் பதிவு

கதவில் இரண்டு எடை எழுதியிருக்கும். பெராட் டெங்கான் முவாத்தான், அதாவது சரக்கோடு சேர்த்து லாரி இருக்கக்கூடிய உச்ச எடை; பெராட் தன்பா முவாத்தான், அதாவது சரக்கில்லாத வெறும் எடை. மலாய்ச் சுருக்கத்தில் நடு எழுத்து மட்டுமே வேறு என்பதால் பலர் இதில் குழம்புகிறார்கள். பெரிய எண் சரக்கோடு, சின்ன எண் வெறும் எடை என்று நினைவில் வைத்தால் போதும். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் அந்த லாரி சட்டப்படி ஏற்றக்கூடிய சரக்கு கிடைக்கும்.

மில்லிலிருந்து வரும் எடைச்சீட்டிலும் மூன்று எண் இருக்கும்: பழத்தோடு லாரியின் எடை, இறக்கிய பிறகு லாரியின் எடை, நடுவில் உள்ள நிகர எடை. பழத்துக்குக் காசு நிகர எடைக்குத்தான் வருகிறது என்பதால் நம் கண் அங்கேயே நின்றுவிடும். மற்ற இரண்டையும் படியுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கதவில் 16,000 கிலோ என்றும் 6,200 கிலோ என்றும் எழுதியிருக்கிறது. ஏற்றலாம் என்பது 9,800 கிலோ. எடைச்சீட்டில் உள்ளே போகும்போது 21,460, வெளியே வரும்போது 6,980, நிகரம் 14,480. முதலில், லாரி தன் உச்ச எடையைவிட 5,460 கிலோ அதிகமாகச் சாலையில் வந்திருக்கிறது; மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இரண்டாவது, வெறும் எடையே கதவில் உள்ளதைவிட 780 கிலோ கூட. ஓட்டுநரும் உதவியாளரும் சேர்ந்து 150 கிலோ, டாங்கியில் 200 லிட்டர் டீசல் சுமார் 170 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 460 கிலோ? சக்கரத்தில் ஒட்டிய மண் அவ்வளவு இருக்காது. பக்கத்தில் உயர்த்திக் கட்டிய இரும்புத் தடுப்புதான் அது. சோதனைக்குப் போன அன்று இறக்கி வைத்திருந்தது.

அதிகச் சுமை ஏன் ஆபத்து என்பதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம். பிரேக் டிரம்மும் லைனிங்கும் அந்த லாரியின் உச்ச எடைக்காக வடிவமைக்கப்பட்டவை. மூன்றில் ஒரு பங்கு கூட ஏற்றினால் நிறுத்த வேண்டிய ஆற்றலும் அதே அளவு கூடும். அத்தனையும் வெப்பமாக டிரம்மில் இறங்கும். சூடேறிய டிரம் விரிய, லைனிங் பிடிப்பு இழக்க, மிதி ஆழமாகப் போகும், வண்டி நிற்காது. தடுப்பை உயர்த்திக் குலையைக் குவித்தால் சுமையின் மையமும் மேலே ஏறிவிடும். நம் பக்கத்து வாய்க்கால் கரைச் சாலைகளில் ஓரம் இளகிய மண். ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால் போதும், லாரி சரிந்துவிடும்.

ஆகவே ஒரு லாரிக்காரரோடு தொடர்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால், கடைசிப் பத்து எடைச்சீட்டை எடுத்து வைத்துக் கதவின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு தடவை 200 கிலோ கூடினால் குலையை எண்ணி ஏற்றுவதில் வரும் பிசகு. பத்திலும் நாலைந்து டன் கூடினால் அது அவருடைய தொழில் முறை. "ரெண்டு நடை போற இடத்துல ஒரு நடை, உங்களுக்குத்தான் வாடகை மிச்சம்" என்று சொல்வார். அந்த மிச்சத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். டன் கணக்கில் வாடகை பேசுவதே அதிகச் சுமைக்குத் தூண்டுகோல். நடை கணக்கில், சட்டப்படியான எடைக்கு விலை பேசுங்கள். சிறு தோட்டக்காரர் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் வெட்டினால் நடைக்கூலி கட்டுப்படியாகும்.

பழ வியாபாரி காட்டும் எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) உரிமத்தை லாரி உரிமமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது செம்பனைப் பழத்தை வாங்கி விற்பதற்கானது. லாரிக்கு அப்பாட் உரிமம் தனி.

ஓட்டுநர்

லாரி ஓட்ட சாதாரண லைசென்ஸ் போதாது. ஜிடிஎல் எனப்படும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமமும் வேண்டும். கார் ஓட்டும் டி வகுப்பு, வெறும் எடை 3,500 கிலோ வரை உள்ள வண்டிக்குத்தான். அதற்கு மேல் போனால் இ வகுப்பு. அதிலும் எடைக்கு ஏற்பப் பிரிவுகள் உண்டு. கதவில் 6,200 கிலோ வெறும் எடை எழுதியிருக்கும் லாரியை டி வகுப்பில் ஓட்ட முடியாது என்பது கதவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓட்டுநர் தன் மைஜேபிஜேயைத் திறந்து வகுப்பையும் ஜிடிஎல் தேதியையும் காட்டட்டும். அடையாள அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். பெயரும் உரிமத்தின் காலாவதித் தேதியும் குறித்துக்கொண்டால் போதும்.

பிறகு மரியாதையாக இரண்டு கேள்வி: "அண்ணே, நேத்து எத்தனை மணிக்கு வண்டிய நிறுத்துனீங்க? இன்னைக்கு இது எத்தனாவது நடை?" விடிய விடிய மணல் ஓட்டிவிட்டுக் காலையில் பழம் ஏற்ற வருபவர் இருக்கிறார். குற்றம் அவருடையதல்ல, நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு தூக்கம் என்றாலே நஷ்டம். தொழிலாளர் சமூகக் காப்பான சொக்சோ கட்டப்படுகிறதா என்றும் கேளுங்கள். ஓட்டுநருக்குச் சொக்சோ கட்டாத முதலாளி, கண்ணுக்குத் தெரியாத பிரேக்குக்கு மட்டும் செலவு செய்வார் என்று எதிர்பார்ப்பது கடினம்.

லாரி வந்து நின்றதும் கால் மணி நேரம்

எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு ஒரு சுற்று நடங்கள். நம்பர் பிளேட், கதவுப் பெயர் இரண்டையும் அனுப்பிய நகலோடு ஒப்பிடுங்கள். முன் சக்கர டயரில் செலூப், அதாவது புதுத் தோல் ஒட்டிய டயர், மாட்டியிருந்தால் ஏற்ற வேண்டாம்; தோல் பிய்ந்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. பள்ளங்களுக்கு நடுவே உள்ள தேய்மானக் கட்டையோடு மேல்பரப்பு சமமாகியிருந்தால் அந்த டயர் முடிந்தது. பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயரையும் குனிந்து பாருங்கள். நல்லதை வெளியே மாட்டி மோசமானதை உள்ளே ஒளிப்பது பழைய வழக்கம். சக்கர நட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடு இருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது.

காற்றுப் பிரேக் உள்ள லாரியில் ஓட்டுநரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒரு நிமிடம் வெளியே நின்று கேளுங்கள். புஸ்ஸென்ற சத்தம் விடாமல் வந்தாலோ, உள்ளே காற்றழுத்த முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினாலோ எங்கோ கசிகிறது. மணலுக்கும் கல்லுக்கும் மேலே தார்ப்பாய், பழத்துக்கு வலை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் வரும் மோட்டார் சைக்கிளில் நம் பிள்ளைகள்தான் வேலைக்குப் போகிறார்கள். வீடு மாற்றும்போது சாமானோடு ஆட்களையும் தட்டில் ஏற்றி அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது, கட்டாயம் வேண்டாம்.

தோட்ட அலுவலகமும் ஒப்பந்தக்காரரும்

1994 தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-ல் நடப்புக்கு வந்தது. அதில் 18ஏ பிரிவு, வேலையை ஒப்பந்தத்துக்கு விடும் முதன்மையாளருக்கும் பாதுகாப்புக் கடமை உண்டு என்கிறது. கடமை தவறினால் அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். "லாரி கண்டிராக்டர் பார்த்துக்குவாரு" என்று தோட்ட எழுத்தரான கிராணியார் கோப்பை மூடிவிட முடியாது. மாத ஒப்பந்தம் போடும்போது மேலே சொன்ன காகிதங்களோடு, ஜேபிஜே நடத்தும் ஜிசா பாதுகாப்புத் தணிக்கை நடந்திருந்தால் அதன் முடிவு, ஜிபிஎஸ் பதிவு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சரிபார்த்த அறிக்கை ஆகியவற்றையும் கேளுங்கள். ஜிபிஎஸ் இருக்கிறது என்ற சொல் போதாது. சென்ற வாரம் ஒரு நாளின் பாதையையும் வேகத்தையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்துக் காட்ட முடியாத ஜிபிஎஸ்ஸைக் கம்பெனியில் யாரும் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: எழுத்து அனுமதி இல்லாமல் வேறு கம்பெனி லாரியை அனுப்பக் கூடாது, எடைச்சீட்டு உச்ச எடையைத் தாண்டினால் அந்த நடைக்கு வாடகை இல்லை.

ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால்

எல்லாத் தவறும் ஒரே எடை அல்ல. எஸ்எஸ்எம் பதிவு சென்ற மாதம் காலாவதி, கதவுப் பெயிண்ட் மங்கல் போன்றவற்றுக்கு ஒரு வாரம் தவணை கொடுக்கலாம். பெர்மிட்டில் லாரி நம்பர் இல்லை, இன்சூரன்ஸ் முடிந்தது, ஓட்டுநருக்கு ஜிடிஎல் இல்லை, முன் டயர் செலூப், காற்றுக் கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏற்ற வேண்டாம். பழம் ஒரு நாள் தரையில் கிடந்தால் தரம் குறைந்து விலை கொஞ்சம் இறங்கும், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

சாலையில் தொடர்ந்து ஆபத்தாக ஓடும் லாரியை ஜேபிஜேயின் இ-அடுவான் செயலியில் புகார் செய்யலாம். நம்பர் பிளேட் தெரியும்படி படம், இடம், தேதி, நேரம் வேண்டும். ஓட்டிக்கொண்டே படம் எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். தேறிய லாரிகளுக்குச் சுவர் நாள்காட்டியில் மூன்று தேதியைக் குறித்துவிடுங்கள்: அடுத்த சோதனை, இன்சூரன்ஸ் முடிவு, ஓட்டுநரின் ஜிடிஎல் முடிவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் முன்னதாக லாரிக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பிப் புதுக் காகிதத்தின் நகலைக் கேளுங்கள். ஓட்டுநர் மாறினால் தேதி வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே புதியவரின் உரிமத்தைப் பார்த்துவிடுங்கள்.